இழை அதேதான், வேகம் மட்டும் எப்படிக் கூடுகிறது?

கோலாலம்பூர் பங்சாரில் வரிசை வீடொன்றில் குடியிருக்கும் ஒருவர் மூன்று கேள்விகளை எழுதியிருந்தார். இணைப்பைப் பழுதுபார்க்க வந்த தொழில்நுட்பர், அவர் வீட்டுக்கு வரும் கண்ணாடி இழை மேலும் 31 வீடுகளோடு பகிரப்படுவதாகச் சொல்லியிருக்கிறார். அப்படியானால் 500 மெகாபிட் என்று விற்பது பொய்தானே என்பது முதல் கேள்வி. பல ஆண்டுகளுக்கு முன் 5 மெகாபிட்டுக்காகப் போட்ட அதே இழையில், ஒரு முழம்கூட மாற்றாமல், இன்று 2 கிகாபிட் தருவதாகச் சொல்கிறார்களே, அது எப்படி என்பது இரண்டாவது. ஒளியில் எத்தனையோ நிறங்கள் இருக்கும்போது வீட்டுக்கொரு நிறத்தைத் தனியாகக் கொடுத்துவிட்டால் பகிர்வே வேண்டியதில்லையே என்பது மூன்றாவது. மூன்றுமே நியாயமான கேள்விகள். கூடவே, 2 கிகாபிட் வாங்கலாமா என்று தமக்கும் அடுக்குமாடியில் இருக்கும் தம் தங்கைக்கும் சேர்த்துக் கேட்டிருந்தார். மூன்றுக்கும் விடை மல்டிபிளெக்சிங், அதாவது பலருடைய தரவுகளை ஒரே இழையில் ஏற்றி மறுமுனையில் பிரித்தெடுக்கும் முறை, எந்த வகையில் செய்யப்படுகிறது என்பதில் இருக்கிறது.

விடையைச் சுருக்கமாக முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீடுகளுக்குச் செல்லும் வலையமைப்பில் இன்றுவரை வென்று நிற்பது நேரப் பங்கீடு, அதாவது ஒரே இழையை வீடுகள் முறைவைத்துச் சிறு சிறு நேரத்துண்டுகளாகப் பயன்படுத்துவது. வெவ்வேறு நிறத்தில், அதாவது வெவ்வேறு அலைநீளத்தில், தரவுகளை ஏற்றும் அலைநீளப் பங்கீடு அங்கே ஒரு தலைமுறைக் கருவிகளையும் அடுத்த தலைமுறைக் கருவிகளையும் ஒரே இழையில் மோதாமல் குடியிருத்தவே பெரும்பாலும் பயன்படுகிறது. இழையில் எவ்வளவு ஏற்ற முடியும் என்பதை வைத்து இது முடிவாகவில்லை. மண்ணுக்குள் புதைத்ததைத் தோண்டாமல் இருப்பதும், வீட்டில் வைக்கும் பெட்டிக்குள் இருக்கும் லேசரின் விலையுமே இதைத் தீர்மானித்தன.

மலேசியாவில் அதிவேக அகண்ட அலைவரிசைத் திட்டத்துக்கு அரசாங்கமும் டெலிகோம் மலேசியாவும் 2008-ஆம் ஆண்டு ஒப்பந்தம் செய்தன. மொத்த மதிப்பு 1,130 கோடி வெள்ளி (ரிங்கிட்). அதில் அரசின் பங்கு 240 கோடி. 2010 மார்ச் 24 அன்று யூனிஃபை என்ற பெயரில் சேவை தொடங்கியபோது பங்சார், தாமான் துன் டாக்டர் இஸ்மாயில், சுபாங் ஜெயா, ஷா ஆலாம் ஆகிய நான்கு வட்டாரங்கள்தாம் முதலில் இணைப்புப் பெற்றன. வீட்டுத் திட்டங்களின் வேகம் 5, 10, 20 மெகாபிட். இத்தகைய திட்டங்களில் செலவின் பெரும்பங்கைச் சாலையோரம் தோண்டுவதும், குழாய் பதிப்பதும், இழையை வீட்டுக்கு வீடு இழுப்பதும் விழுங்கிவிடுகின்றன. எனவே ஒருமுறை போட்டதை முப்பது நாற்பது ஆண்டுகளுக்குத் தொடாமல் வைத்திருக்க வேண்டும் என்பதே இதை வடிவமைப்பவர்களின் முதல் கட்டளை.

அந்த அமைப்பு எளிமையானது. தொலைபேசி நிலையத்தில் ஓ.எல்.டி. என்ற கருவி இருக்கிறது. அதன் ஒரு போர்ட்டிலிருந்து ஓர் இழை புறப்பட்டுச் சாலையோரப் பெட்டிக்கு வருகிறது. அங்கே ஸ்பிளிட்டர் என்ற சிறு கண்ணாடிச் சாதனம் அந்த ஒளியை 32 கிளைகளாகப் பிரிக்கிறது. சில இடங்களில் 64. ஒவ்வொரு கிளையும் வீட்டருகே இழைகளைப் பகிர்ந்தளிக்கும் எஃப்.டி.பி. பெட்டியைக் கடந்து, வீட்டுச் சுவரில் இருக்கும் பி.டி.யூ. என்ற வீட்டுப் பெட்டியில் முடிகிறது. நிலையத்துக்கும் வீட்டுக்கும் நடுவே மின்சாரம் தேவைப்படும் பொருள் ஒன்றுகூட இல்லை. பி-ஓ-என், நம் வாயில் பான், என்று அழைக்கப்படும் இவ்வகை வலையமைப்பின் பலமும் கட்டுப்பாடும் இதுவே. மழைக்காலத்தில் மின்னல் தாக்கிச் செத்துப்போக நடுவில் எதுவும் கிடையாது. ஆனால் யாருடைய தரவு எந்த வீட்டுக்குப் போகவேண்டும் என்று நடுவழியில் பார்த்துப் பிரிக்கவும் எவரும் இல்லை. ஸ்பிளிட்டர் எல்லாருக்கும் எல்லாவற்றையும் அனுப்பும்.

அதனால்தான் நேரப் பங்கீடு. 2003 முதல் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் ஜி.984 வரிசையில் வெளியிட்ட ஜி-பான் தரத்தில், நிலையத்திலிருந்து வீடுகளை நோக்கிய இறங்குதிசையில் நொடிக்கு 2.488 கிகாபிட்டும், வீடுகளிலிருந்து நிலையத்தை நோக்கிய ஏறுதிசையில் 1.244 கிகாபிட்டும் செல்கின்றன. இறங்குதிசை 1490 நானோமீட்டர், ஏறுதிசை 1310 நானோமீட்டர். இரு திசைகளும் ஒரே இழையில் செல்வதால், மிக எளிய அளவில் அலைநீளப் பங்கீடு தொடக்கத்திலேயே இங்கே இருக்கிறது என்பதையும் குறித்துக்கொள்ளலாம்.

இறங்குதிசை சிரமமில்லாதது. ஓ.எல்.டி. 125 மைக்ரோநொடிக்கு ஒரு சட்டமாக (ஃபிரேம்) தரவுகளை அடுக்கி அனுப்புகிறது. 32 வீட்டுப் பெட்டிகளும் முழுவதையும் பெறுகின்றன. தன் எண் பொறித்த பொதிகளை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை ஒவ்வொன்றும் விட்டுவிடுகிறது. பக்கத்து வீட்டுக்காரருடைய தரவும் உங்கள் வீட்டுச் சுவர்வரை வருகிறது என்பது பலருக்கு அதிர்ச்சியாக இருக்கும். அதற்காகத்தான் இறங்குதிசைத் தரவை வீட்டுக்கு வீடு வெவ்வேறு சாவியால் குறியாக்கம் செய்யத் தரத்திலேயே வழி செய்திருக்கிறார்கள்.

ஏறுதிசைதான் இத்துறையின் உண்மையான கைவண்ணம். 32 லேசர்களும் ஒரே இழையை நோக்கி ஒளி வீசுகின்றன. இரண்டு ஒரே கணத்தில் வீசினால் இரண்டுமே கெட்டுவிடும். ஆகவே ஒவ்வொரு பெட்டிக்கும், இன்ன கணத்தில் தொடங்கி இன்ன கணத்தில் நிறுத்து என்று ஓ.எல்.டி. ஆணையிடுகிறது. ஆனால் வீடுகள் வெவ்வேறு தொலைவில் இருக்கின்றன. இழைக்குள் ஒளி ஒரு கிலோமீட்டரைக் கடக்க ஏறத்தாழ 5 மைக்ரோநொடி ஆகிறது. நிலையத்திலிருந்து 2 கிலோமீட்டரில் ஒரு வீடும் 8 கிலோமீட்டரில் இன்னொரு வீடும் இருந்தால், போய்வரும் நேரத்தில் 60 மைக்ரோநொடி வேறுபாடு வரும். அந்த நேரத்துக்குள் ஏறுதிசையில் ஏறத்தாழ 75,000 பிட்டுகள் சென்றுவிடும். எனவே ஒரு பெட்டி புதிதாக இணையும்போது ஓ.எல்.டி. அதன் தொலைவை ஒளியாலேயே அளந்து, எல்லா வீடுகளும் ஒரே தொலைவில் இருப்பதைப் போலத் தோன்றும்படி ஒவ்வொன்றுக்கும் ஒரு காத்திருப்பு நேரத்தைக் கொடுத்துவிடுகிறது. ஒரு வீட்டின் வீச்சுக்கும் அடுத்த வீட்டின் வீச்சுக்கும் இடையே ஜி-பானில் விடப்படும் இடைவெளி 32 பிட், அதாவது ஏறத்தாழ 26 நானோநொடி. அந்த நேரத்தில் இழைக்குள் ஒளி ஐந்து மீட்டர்தான் நகரும். ஒரு காரின் நீளத்தைவிடச் சற்றே கூடுதலான துல்லியத்தில் 32 வீடுகளும் இரவும் பகலும் ஒழுங்குபடுத்தப்பட்டுக்கொண்டே இருக்கின்றன.

இன்னொரு சிக்கல் வெளிச்சத்தின் அளவு. அருகிலுள்ள வீட்டின் ஒளி பளிச்சென்றும் தொலைவிலுள்ள வீட்டின் ஒளி மங்கலாகவும் வரும். நிலையத்திலுள்ள ஒளியுணரி அடுத்தடுத்த வீச்சுகளுக்கு இடையில் கண்ணைச் சுருக்கி விரித்துத் தன்னைச் சரிசெய்துகொள்ள வேண்டும். அதற்கும் சில பத்து நானோநொடிகளே கிடைக்கும். தன் முறை இல்லாதபோது வீட்டு லேசர் முழுவதும் அணைந்திருக்க வேண்டும் என்பதும் கட்டாயம். எப்போதாவது ஒரு வீட்டுப் பெட்டி பழுதாகி, லேசர் அணையாமல் எரிந்துகொண்டே இருந்துவிடும். அப்போது அந்தக் கிளையில் உள்ள 32 வீடுகளும் ஒன்றாகத் தடுமாறும். எந்த வீட்டுப் பெட்டி குற்றவாளி என்று கண்டுபிடிப்பதற்குள் பராமரிப்புக் குழுவுக்குப் போதும் போதும் என்றாகிவிடும். ஒரு தெருவுக்கே இணைப்பு போய் இரண்டு மணி நேரத்தில் தானாகத் திரும்பி வருவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். 2.488 கிகாபிட்டை 32-ஆல் வகுத்தால் வீட்டுக்கு 78 மெகாபிட்டுக்கும் சற்றுக் குறைவாகத்தான் வரும். 500 மெகாபிட் என்று விற்பது கணக்குப்படி பொய்போலவே தெரிகிறது. ஆனால் இந்த வகுத்தல், 32 வீடுகளும் ஒரே நொடியில் முழு வேகத்தில் இறக்கினால் மட்டுமே பொருந்தும். உயர்தரக் காணொளி ஒன்று 15 முதல் 25 மெகாபிட்டைத்தான் கேட்கும், அதையும் விட்டுவிட்டுத்தான் கேட்கும். மின்னஞ்சலும் செய்திப் பக்கங்களும் ஒரு நொடித் துடிப்போடு அடங்கிவிடும். எனவே எந்தக் கணத்திலும் உண்மையில் வேண்டுபவருக்கு மட்டும் நேரத்துண்டுகளைக் கூட்டியும் குறைத்தும் கொடுக்க முடிகிறது. ஏறுதிசையில் இதை ஓ.எல்.டி. முறைப்படியே செய்கிறது: ஒவ்வொரு பெட்டியும் தன்னிடம் எவ்வளவு தேங்கியிருக்கிறது என்று அறிவிக்கும், அதைப் பார்த்து அடுத்த சட்டத்தில் அதற்குரிய பங்கு தீர்மானிக்கப்படும். 2018-இல் நம் நாட்டில் மொத்த விற்பனைக் கட்டணங்கள் ஒழுங்குபடுத்தப்பட்டபோது, பல சந்தாதாரர்களின் வேகம் கூடுதல் கட்டணமின்றியே பல மடங்கு உயர்த்தப்பட்டது நினைவிருக்கலாம். அதற்காக யாரும் தெருவைத் தோண்டவில்லை. அந்தக் கொள்ளளவு அதுவரை பயன்படாமல் அங்கேயே கிடந்தது.

ஆகவே 32 பேர் பகிரும் ஜி-பான் இழையில் 500 மெகாபிட் திட்டம் நேர்மையான விற்பனைதான் என்பது என் கணிப்பு. அதே ஜி-பானில் 2 கிகாபிட் என்று விற்றால் மட்டும் நான் தயங்குவேன். ஒருவர் வேகச் சோதனையைத் தொடங்கினாலே போர்ட்டின் பெரும்பகுதி அவருக்கே போய்விடும்.

இடையே ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். புதிதாக விண்ணப்பிக்கும்போது, உங்கள் பகுதியில் போர்ட் நிரம்பிவிட்டது என்ற பதிலை நம்மில் பலர் கேட்டிருப்போம். அதைக் கொள்ளளவு தீர்ந்துவிட்டது என்று புரிந்துகொள்கிறார்கள். பெரும்பாலும் அங்கே தீர்ந்திருப்பது ஸ்பிளிட்டரின் கால்கள்; 32 கிளைகளிலும் ஆள் வந்துவிட்டதால் 33-ஆவது வீட்டுக்குச் செருக இடமில்லை. தரவுக்கு இடம் தாராளமாகவே இருக்கக்கூடும்.

ஏன் 64, 128 என்று பிரித்துக்கொண்டே போகக் கூடாது என்றால், ஒளி தீர்ந்துவிடும். ஒவ்வொரு முறை இரண்டாகப் பிரிக்கும்போதும் ஒளி பாதியாகும்; ஒளியிழப்பை அளக்கும் டெசிபெல் கணக்கில் 3 போகும். 32 கிளை என்பது ஐந்து முறை இரண்டாகப் பிரிப்பது. ஏட்டுக்கணக்கில் 15 டெசிபெல், நடைமுறையில் 17 அளவு. அதாவது நிலையம் அனுப்பிய ஒளியில் நூறில் இரண்டு பங்குதான் ஒரு கிளைக்குள் நுழைகிறது. பரவலாகப் பயன்படும் பி-பிளஸ் வகை ஜி-பான் கருவிகள் மொத்தமாக 28 டெசிபெல் இழப்பைத் தாங்கும். ஸ்பிளிட்டருக்கு 17, பத்துக் கிலோமீட்டர் இழைக்கு மூன்றரை, இணைப்பிகளுக்கும் ஒட்டுகளுக்கும் இரண்டு என்று எடுத்தால் 22 சொச்சம். மிச்சமிருக்கும் ஐந்தரை டெசிபெல்தான் காலப்போக்கில் தூசு படிந்த இணைப்பிக்கும், அலமாரிக்குப் பின்னால் மடங்கிக் கிடக்கும் இழைக்கும் ஈடுகொடுக்கிறது. தொழில்நுட்பர் பச்சை நிற இணைப்பியைக் கழற்றி, மீட்டரைச் செருகி, வந்து சேரும் ஒளியின் அளவு மைனஸ் 21 என்று முணுமுணுத்தால் மகிழ்ச்சி கொள்ளுங்கள். மைனஸ் 27-ஐ நெருங்கினால் அவர் இணைப்பியைத் துடைக்கத் தொடங்குவார்.

இரண்டாவது கேள்விக்கு விடை இங்கிருந்தே பிறக்கிறது. ஸ்பிளிட்டர் ஒரு மந்தமான சாதனம். அதற்கு நிறப் பாகுபாடு கிடையாது. 1490 நானோமீட்டரைப் பிரிப்பதைப் போலவே 1577-ஐயும் பிரிக்கும். ஆகவே புதிய தலைமுறைக்குப் புதிய அலைநீளத்தை ஒதுக்கிவிட்டால், பழைய இழையும் பழைய ஸ்பிளிட்டரும் அப்படியே இருக்க, நிலையத்தில் ஓர் இணைப்பு வடிகட்டியையும், மாற விரும்பும் வீட்டில் ஒரு புதிய பெட்டியையும் வைத்தால் போதும். 2010-இல் வந்த எக்ஸ்ஜி-பான் இறங்குதிசைக்கு 1577, ஏறுதிசைக்கு 1270 நானோமீட்டரை எடுத்துக்கொண்டு இறங்குதிசையில் 10 கிகாபிட்டும் ஏறுதிசையில் 2.5 கிகாபிட்டும் தந்தது. 2016-இல் ஜி.9807.1 என்ற எண்ணில் வந்த எக்ஸ்ஜிஎஸ்-பான் அதே அலைநீளங்களில் இரு திசையிலும் 10 கிகாபிட் ஆக்கியது. பிழைதிருத்தக் குறிகளுக்கு ஒரு பங்கு போக எட்டரைக் கிகாபிட் அளவு பயனுக்குக் கிடைக்கும். உங்கள் தெருவில் பக்கத்து வீட்டுக்காரர் பழைய ஜி-பானில் 100 மெகாபிட்டோடு நிம்மதியாக இருக்க, அதே ஸ்பிளிட்டரின் அடுத்த காலில் நீங்கள் 2 கிகாபிட் வாங்கலாம். இப்போது இரு தலைமுறைக்குமான லேசர்களையும் ஒரே போர்ட்டுக்குள் அடக்கிய கூட்டு அட்டைகளே வந்துவிட்டன. நிலையத்தில் தனி வடிகட்டிகூட வேண்டாம்.

ஆனால் இது தானாக நடந்துவிடவில்லை. ஜி-பானின் முதல் வரையறையில் ஏறுதிசைக்கு 1260 முதல் 1360 நானோமீட்டர் வரை, நூறு நானோமீட்டர் அகலத்தை அள்ளிக் கொடுத்திருந்தார்கள். அப்படியே விட்டிருந்தால் 1270-இல் அடுத்த தலைமுறையை நுழைக்க இடமே இருந்திருக்காது. 2007-இல் வெளிவந்த ஜி.984.5 என்ற திருத்தம், வீட்டு லேசர்களை 1290-க்கும் 1330-க்கும் இடையில் அடக்கியது. வருங்கால அலைநீளங்களைக் கண்டு குழம்பாதிருக்க வீட்டுப் பெட்டிக்குள்ளேயே ஒரு தடுப்பு வடிகட்டியையும் வரையறுத்தது. நம் நாட்டில் பெரிய அளவில் இழை போடத் தொடங்கியதே அதற்குப் பிறகுதான் என்பது ஒரு நல்வாய்ப்பு. பின்னால் வருபவருக்கு இடம்விட்டு உட்காரும் இந்தப் பழக்கம், எனக்குத் தெரிந்தவரை, இத்துறையின் தரக்குழுக்கள் செய்த மிகப் புத்திசாலித்தனமான காரியம்.

மூன்றாவது கேள்வியைத்தான் நான் மிகவும் ரசித்தேன். வீட்டுக்கொரு நிறம் என்பது வெறும் கற்பனை இல்லை. டபிள்யூ.டி.எம்.-பான் என்ற பெயரில் அதை ஆய்வாளர்கள் நெடுங்காலமாக வற்புறுத்தி வந்திருக்கிறார்கள். தென்கொரியாவில் 2000-களின் நடுப்பகுதியில் நடைமுறையிலும் போட்டுப் பார்த்தார்கள். அதில் ஸ்பிளிட்டருக்குப் பதிலாக, நிறங்களைப் பிரித்துத் தனித்தனிக் காலில் அனுப்பும் அலைவழி வரிசைச் சாதனம் ஒன்றை வைக்கிறார்கள். அதன் இழப்பு, எத்தனை வீடானாலும், ஏறத்தாழ 5 டெசிபெல்தான். 17 டெசிபெல்லோடு ஒப்பிட்டால் இது பெரிய சேமிப்பு. நேரக் கணக்கு வேண்டாம், முறைவைத்துப் பேச வேண்டாம், பக்கத்து வீட்டுத் தரவு உங்கள் சுவருக்கு வராது. இவ்வளவு நன்மை இருந்தும் வீடுகளில் அது ஏன் வெல்லவில்லை?

முதற் காரணம் லேசரின் குணம். விலை குறைந்த, குளிர்விப்பான் இல்லாத லேசரின் அலைநீளம் ஒவ்வொரு பாகை செல்சியசுக்கும் ஏறத்தாழ 0.1 நானோமீட்டர் நகரும். குளிர்சாதன அறையில் 25 பாகையில் இருக்கும் பெட்டி, அறையைப் பூட்டிவிட்டு வெளியே போன பிற்பகலில் உள்ளுக்குள் 60 பாகையை எட்டினால், அலைநீளம் மூன்றரை நானோமீட்டர் தள்ளிப்போயிருக்கும். நெருக்கமான அலைநீளப் பங்கீட்டில் இரு நிறங்களுக்கு இடையே உள்ள தூரம் 0.8 நானோமீட்டர்தான், அதாவது உங்கள் வீட்டு லேசர் ஒரே பிற்பகலில் நான்கு அண்டை வீடுகளின் நிறங்களை மிதித்துவிட்டு வரும். வண்டியை நேராக ஓட்டத் தெரியாதவருக்கு அகலமான சாலை வேண்டும் அல்லவா? ஜி-பான் ஏறுதிசைக்கு 40 நானோமீட்டரும் எக்ஸ்ஜிஎஸ்-பானுக்கு 20 நானோமீட்டரும் ஒதுக்கியது அதற்காகத்தான். லேசரை நிலையாக வைக்க மின்குளிர்விப்பானும் கட்டுப்பாட்டுச் சுற்றும் வேண்டும். அவை இருந்தால் ஒரு வீட்டுப் பெட்டியின் விலை எகிறும். நிலையத்திலிருந்து ஒளியை அனுப்பி, வீட்டுப் பெட்டி அதன்மேலேயே தன் தரவை ஏற்றித் திருப்பி அனுப்பும், தனக்கென நிறமில்லாத பெட்டிகளையும் முயன்றார்கள். எதிரொளியால் வரும் இரைச்சல் அவற்றின் தொலைவையும் வேகத்தையும் கட்டிப்போட்டது.

நிறம் பிரிக்கும் சாதனமும் சூட்டுக்கு விலக்கல்ல. பாகைக்கு 0.01 நானோமீட்டர் அளவில் அதுவும் நகரும். செராசிலோ பாயான் லெப்பாசிலோ நண்பகல் வெயிலில் நிற்கும் இரும்புப் பெட்டிக்குள் வைக்க வேண்டுமென்றால், வெப்பத்துக்கு ஈடுகட்டும்படி செய்த சிறப்பு வகையைத்தான் வைக்க வேண்டும். அப்படிப்பட்டவை கிடைக்கின்றன, ஆனால் ஸ்பிளிட்டரின் விலைக்குக் கிடைக்காது.

எனக்கு முடிவானதாகத் தோன்றும் காரணம் வேறு. வீட்டுக்கொரு நிறமாக 1 கிகாபிட் கொடுத்தால், அந்த வீடு உறங்கும்போது அந்த நிறமும் உறங்கும். விழித்திருக்கும் அடுத்த வீட்டுக்கு அது உதவாது. எவருக்கும் ஒரு கிகாபிட்டுக்கு மேல் ஒருபோதும் கிடைக்காது. மாறாக 10 கிகாபிட்டை 32 பேருக்குப் பொதுவில் வைத்தால், சராசரிப் பங்கு குறைவானாலும், வேண்டிய கணத்தில் ஒருவருக்குப் பல கிகாபிட் கிடைக்கும். அதுவும் நிலையத்தில் 32 லேசருக்குப் பதில் ஒரே ஒரு லேசரோடு. விட்டுவிட்டு எழும் வீட்டுப் பயன்பாட்டுக்குப் பொதுப் பானையே ஏற்றது. தனிமையை விற்பதைவிட உச்ச வேகத்தை விற்பது எளிது என்பதை விற்பனைக்காரர்களும் அறிவார்கள்.

இரண்டையும் கலந்து பார்த்த முயற்சியும் உண்டு. ஜி.989 வரிசையில் வந்த என்ஜி-பான் 2, தலா 10 கிகாபிட் சுமக்கும் நான்கு நிறங்களை அடுக்கி, ஒவ்வொரு நிறத்துக்குள்ளும் நேரப் பங்கீட்டை வைத்தது. மொத்தம் 40 கிகாபிட். வீட்டுப் பெட்டி தன் நிறத்தை மாற்றிக்கொள்ளும் திறன் பெற்றிருந்ததால், ஒரு நிறத்தில் நெரிசல் வந்தால் வேறொன்றுக்குத் தாவலாம். ஒரு லேசர் பழுதானால் எல்லாரையும் மற்றவற்றுக்கு நகர்த்திவிடலாம். பொறியியல் அழகில் இதற்கு நான் முதல் மதிப்பெண் கொடுப்பேன். அமெரிக்காவின் வெரைசன் இதைக் கையிலெடுத்தது. ஆனால் நிறம் மாற்றும் லேசரை வீட்டுப் பெட்டியின் விலைக்குள் அடக்க முடியாததால், உலகின் பெரும்பகுதி எளிமையான எக்ஸ்ஜிஎஸ்-பான் பக்கம் போய்விட்டது.

அடுத்த படியிலும் அதே கதை தொடர்கிறது. 2021-இல் தரம் பெற்ற 50ஜி-பான், நிறங்களைக் கூட்டாமல் ஒரே நிறத்தில் 50 கிகாபிட்டை ஏற்றுகிறது. மின்பொறியியல் வல்லுநர்களின் மற்றொரு அமைப்பான ஐ.இ.இ.இ. 2020-இல் வெளியிட்ட தரமோ 25 கிகாபிட் நிறங்கள் இரண்டை அடுக்கி 50-ஐ எட்டுகிறது. ஒரே நிறத்தில் 50 என்பதில் ஓர் இயற்பியல் முட்டுக்கட்டை உண்டு. ஒளித்துடிப்பில் கலந்துள்ள சற்றே வேறுபட்ட அலைநீளங்கள் இழைக்குள் சற்றே வேறுபட்ட வேகத்தில் செல்வதால், துடிப்பு போகப் போக அகலும். இதன் பாதிப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும்; 10-லிருந்து 50-க்குப் போனால் 25 மடங்கு. ஒரு பிட்டின் நீளமே 20 பிக்கோநொடிதான் என்னும்போது 1577 நானோமீட்டரில் அதை 20 கிலோமீட்டர் ஓட்டுவது நடக்காத காரியம். அதனால் இந்த அகலல் மிகக் குறைவாக உள்ள 1310-இன் அக்கம்பக்கத்துக்கே திரும்பி வந்து, இறங்குதிசைக்கு 1342 நானோமீட்டரைத் தேர்ந்தெடுத்தார்கள். எஞ்சிய கலங்கலைக் கைப்பேசிச் சில்லுகளில் இருப்பதைப் போன்ற எண்முறைச் சமிக்ஞைச் செயலாக்கம் சரிசெய்கிறது. ஏறுதிசைக்கோ முதல் தரத்தில் 1270 அல்லது 1300 பக்கம்தான் இடம் இருந்தது. ஆகவே ஒரே இழையில் பழைய ஜி-பானோடோ எக்ஸ்ஜிஎஸ்-பானோடோ ஒன்றுடன்தான் எளிதாகக் குடித்தனம் நடத்த முடிந்தது. விட்டுவைத்த இடமும் தீர்ந்துகொண்டிருக்கிறது என்பதற்கு இது அடையாளம்.

ஆய்வேடுகளில் வேறு முறைகளும் நிறையவே உண்டு. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு குறியைக் கொடுத்து எல்லாரையும் ஒரே நேரத்தில் பேசவிடும் குறிப் பங்கீடு, வீடுகள் கூடக்கூட ஒளிகள் ஒன்றோடொன்று மோதி எழுப்பும் இரைச்சலில் மூழ்கிப்போனது. நுண்ணிய துணை அலைவரிசைகளாகப் பிரிக்கும் முறை நாலாம் தலைமுறைக் கைப்பேசியில் வெற்றிபெற்றாலும், வீட்டுப் பெட்டியில் அதற்கான அதிவேக மாற்றிகளின் விலையும் மின்செலவும் கட்டுப்படியாகவில்லை. பல உட்கருக்கள் கொண்ட புது வகை இழைகளைப் பற்றிக் கேட்டால், அவை நெடுந்தொலைவுக்கும் கடலடிக்கும் ஏற்றவை என்பேன். புது இழை என்ற சொல்லைக் கேட்டதுமே வீட்டு வலையமைப்புக்காரர் எழுந்து போய்விடுவார். ஒளியின் செறிவோடு அதன் கட்டத்தையும் துருவத் திசையையும் சேர்த்துப் பயன்படுத்தும் கோகீரன்ட் முறை மட்டும் வேறு ரகம். அதன் உணரி மிக மங்கலான ஒளியையும் படிக்கும். 50 கிகாபிட்டுக்கு அப்பால் போக வேண்டுமென்றால் அது தவிர்க்க முடியாததாகும் என்று நினைக்கிறேன். இன்றைய தடை விலை ஒன்றுதான்.

இதனால் அலைநீளப் பங்கீடு தோற்றுவிட்டது என்று எண்ண வேண்டாம். நிலையத்திலிருந்து நாட்டின் முதுகெலும்பு வலையமைப்புக்கும், பினாங்கில் கரையேறும் கடலடி வடங்களுக்கும் போய்ப் பார்த்தால், அங்கே ஆட்சி நடத்துவது அதுதான். ஓரிழையில் எண்பதுக்கும் மேற்பட்ட நிறங்கள், ஒவ்வொன்றிலும் 100 கிகாபிட்டும் அதற்கு மேலும். அங்கே குளிரூட்டிய, விலை உயர்ந்த ஒரு லேசரின் செலவைப் பல்லாயிரம் பேர் பங்கிட்டுக்கொள்கிறார்கள்; வீட்டிலோ ஒரு லேசருக்கு ஒரே குடும்பம். ஐந்தாம் தலைமுறைக் கைப்பேசிக் கோபுரங்களிலும் நிலைமை மாறுகிறது. கோபுர உச்சியிலுள்ள வானலைக் கருவிக்கும் அடித்தளக் கருவிக்கும் இடையே நூறு மைக்ரோநொடி அளவுக்குள் தரவு போய்ச் சேர வேண்டும். கேட்டுவிட்டுக் காத்திருந்து முறை வந்தபின் பேசும் நேரப் பங்கீடு அங்கே தடுமாறும். எனவே 20 நானோமீட்டர் இடைவெளி கொண்ட அகன்ற அலைநீளப் பங்கீட்டில் கோபுரத்துக்குத் தனி நிறமே கொடுக்கிறார்கள்.

கடைசியாக, கேள்விகளை எழுதிய பங்சார் வாசகருக்கு: 2 கிகாபிட் வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். கையெழுத்திடும் முன் உங்களுக்கு வருவது எக்ஸ்ஜிஎஸ்-பான் இணைப்பா என்று கேளுங்கள். புதிய பெட்டியின் ஈதர்நெட் துளை 2.5 கிகாபிட் அல்லது அதற்கு மேற்பட்டதா என்று பாருங்கள்; வெறும் 1 கிகாபிட் துளையாக இருந்தால் வேகச் சோதனை 940 மெகாபிட்டுக்கு மேல் ஏறாது. உங்களுடையது வரிசை வீடு என்பதால் இழை சுவர்வரை வந்துவிடுகிறது. அடுக்குமாடியில் இருக்கும் உங்கள் தங்கைக்கும் சேர்த்துக் கேட்பதாக எழுதியிருந்தீர்கள். அவர் முதலில் தம் கட்டடத்தின் நிர்வாகக் குழுவிடம், தொலைத்தொடர்பு இணைப்புகள் வந்து சேரும் எம்.டி.எஃப். அறையிலிருந்து வீடுவரை ஓடுவது இழையா, பழைய தொலைபேசிச் செம்புக் கம்பியா என்று விசாரிக்கட்டும். செம்பாக இருந்தால், மேலே சொன்ன எந்தப் பங்கீட்டு முறையும் அந்தக் கடைசி நூறு மீட்டரில் உதவாது. மாடிக்கு மாடி இழை இழுக்க நிர்வாகம் அனுமதி கொடுத்தாக வேண்டும்.